ரவுட்டருக்குப் பொட்டு வச்சா வேகம் வருமாலே?

ஏலே பேராண்டி, திட்டி முடிச்சிட்டியா? மிச்சம் இருந்தா அதையும் திட்டிரு. நான் வெத்தல போட்டு முடிக்க இன்னும் நேரம் இருக்கு. கஸ்டமர் கேர்ல போனை எடுத்த புள்ள என்னலே செய்யும்? அதுவும் எங்கயோ ஒரு ஊருல வயித்துப்பாட்டுக்கு உக்காந்திருக்கு. "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"னு மரியாதையாத்தான சொல்லுச்சு? நீ கட்டில்ல படுத்துக்கிட்டே "பண்ணிட்டேன்"னுட்ட. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்!

லைன்மேன் வேலை பாத்த கெழவன் ஒருத்தன் திண்ணையில கெடக்கானே, அவன்ட்ட ஒரு வார்த்த கேப்போம்னு ஒனக்குத் தோணல. "அது செம்புக் கம்பிக் காலம் தாத்தா, இது ஃபைபர்"ம்ப. சரிதான். செம்புல நெட் விட்ட காலத்துல எக்ஸ்சேஞ்ச் பக்கத்து வீட்டுக்காரன் எட்டு எம்பி வாங்குனான். அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருந்தவனுக்கு நெட் வர்றதே அபூர்வம். போற வழியெல்லாம் செம்பே தின்னுரும். கண்ணாடி இழைக்கு அந்தக் கொணம் இல்ல, 20 கிலோமீட்டர் வரைக்கும் அசராமக் கொண்டாந்து சேக்கும். ஆனா கோளாறு பாக்குற வித்தை ரெண்டுக்கும் ஒண்ணுதான். லைனை நடுவுல பிரி. எந்தப் பக்கம் செத்திருக்குன்னு பாரு. செத்த பக்கத்தை மறுபடியும் ரெண்டாப் பிரி. நீ என்னடான்னா பிரிக்கவே இல்ல, நேராத் திட்டுக்குப் போயிட்ட. அது எந்தப் பக்கம் போய்ச் சேரும்?

ஒன் லைனுக்கு நடு எது? அந்த வெள்ளைப் பெட்டி. தெருவுல இருந்து வர்ற இழை அதுல முடியுது, வீட்டு வைஃபை அதுல தொடங்குது. லேப்டாப்பைப் பெட்டிக்குப் பக்கத்துல தூக்கிட்டுப் போ. வைஃபையை அணைச்சிட்டு லேன் கேபிளைச் சொருகு. மத்தவுக போனை எல்லாம் வைஃபையில இருந்து எறக்கிட்டு ஸ்பீட் டெஸ்ட் போடு. காசு கட்டுன வேகம் கேபிள்ல வருதுன்னா கம்பெனிக்காரன் உத்தமன், கள்ளன் வீட்டுக்குள்ளதான் இருக்கான். கேபிள்லயும் வரலையா? அப்பத் திட்டு. நானும் கூடச் சேந்து திட்டுதேன்.

கேபிள்னா எந்தக் கேபிளும் இல்ல. உள்ள எட்டுக் கம்பி இருக்கணும், எட்டும் உசுரோட இருக்கணும். நாலு கம்பி மட்டும் ஓடுற மலிவுச் சரக்கு 100 எம்பிக்கு மேல ஒரு சொட்டுக் கூடத் தராது. மேல 'கேட் 5இ'ன்னு அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்கு. நல்ல கேட் 5இ, நூறு மீட்டர் நீளத்துக்கு ஜிகாபிட் தாங்கும். பெட்டியில உள்ள போர்ட்டும் ஜிகாபிட்டா இருக்கணும். பழைய பெட்டின்னா அங்கயும் 100தான்.

நேத்து ஒரு படத்தை எறக்கும்போது "பன்னெண்டுதான் வருது, 100-ன்னு சொல்லி ஏமாத்திட்டான்"னு குதிச்சியே, எஞ்சினியரிங் படிச்சவனே! பிளான்ல போட்டிருக்கது மெகாபிட். எறங்கும்போது காட்டுறது மெகாபைட். எட்டு பிட்டு சேந்தா ஒரு பைட்டு. 100-ஐ எட்டால வகுத்தா 12.5. அவன் பைசா பாக்கி இல்லாமக் குடுத்திருக்கான். ஒங்கப்பன் ஒனக்குக் கட்டுன பீஸுதான் பாக்கியாப் போச்சு.

சரி, கேபிள்ல வருது, மாடியில வரலன்னு வையி. பெட்டி எங்க இருக்கு? நடு வீட்டுல, பீரோவுக்குப் பின்னால, தரையில. ஏன்? பாக்க அசிங்கமா இருக்குதாம், ஒங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கா. வைஃபைக்கு இரும்பு ஆகாதுலே. பீரோ, தகரம், கம்பி போட்ட கான்கிரீட்டு, தண்ணித் தொட்டி, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் அதை மறிச்சுப் போடும். நம்ம வீட்டுச் சொவரு ஒன்றரை அடி. வெயிலே உள்ள வர யோசிக்கும், வைஃபை மட்டும் வந்துருமா? பெட்டியை எடுத்து ஆள் ஒசரத்துக்கு மேல, தெறந்த எடமாப் பாத்து மாட்டு.

அதுல ரெண்டு அலைவரிசை இருக்கு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் நெடுந்தூரம் போவும், சொவரையும் ஓரளவு தாண்டும், ஆனா மெதுவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் பறக்கும், ஆனா சொவரைக் கண்டா சோந்துரும். பெட்டி இருக்குற ரூம்ல உக்காந்தா 5-ஐப் புடி, தள்ளிப் போனா 2.4-க்கு மாறு. பட்டணத்துல ஒரு மாடிக்கு எட்டு ரவுட்டர், சேனலுக்கு அடிதடி. நம்ம தெருவுல மொத்தமே நாலு வீடுதான், அதனால அந்தச் சாக்கு ஒனக்குக் கெடையாது.

மாடிக்கு ரிப்பீட்டர் வாங்கப் போறேன்னு சொன்ன. மலிவு ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில கேட்டுட்டு அதுலயே திருப்பிச் சொல்லும், அதனால வேகம் பாதியாக் கொறையும். அதுக்குப் பதிலா மாடிக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து, அந்த முனையில இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டா மாட்டு. கேபிள் இழுக்க ஒரு நாள் ஆவும். ஒனக்கு வேர்க்கும், செத்துர மாட்ட.

அடுத்து ஆளைக் கணக்கெடு. பிரவுசர்ல 192.168.1.1-னு போட்டா பல பெட்டியில அதோட பக்கம் தெறக்கும். இல்லன்னா பெட்டிக்கு அடியில நம்பர் ஒட்டியிருக்கும். யார் யார் உள்ள இருக்காகன்னு அதுல லிஸ்ட் வரும். நம்ம வீட்டுல நாலு போனு, ஒரு டிவி, ஒன் லேப்டாப்பு. லிஸ்ட்ல 17 பேரு இருக்காக! பாஸ்வேர்டு எப்படி வெளிய போச்சுன்னு கேக்க மாட்டேன். அத்தை மக கேட்டதும் எவன் வாய் தொறந்தான்னு ஊருக்கே தெரியும். அவ தம்பிட்டச் சொன்னா, அவன் டீக்கடையில சொன்னான். இப்ப அங்க காப்பி குடிக்கவன் எல்லாம் நம்ம வீட்டு நெட்டைக் குடிக்கான். பாஸ்வேர்டை மாத்து. அவட்ட மட்டும் மறுபடியும் சொல்லணும்னா சொல்லிக்க, கல்யாணத்துக்கு வேற செலவு வேண்டியதில்ல.

இனி தெருப் பக்கம் வா. பெட்டியில 'எல்ஓஎஸ்'னு ஒரு லைட்டு இருக்கு. அது சிவப்பா எரிஞ்சா வெளிய இருந்து வெளிச்சம் வரலன்னு அர்த்தம். அன்னைக்கி ராத்திரி முழுக்க நெட் இல்லாம நீ பெட்டி முன்னால உக்காந்திருந்தியே, அந்த லைட்டு எரிஞ்சுச்சா இல்லையான்னு ஒனக்குத் தெரியல. எப்படித் தெரியும்? ஆயுத பூஜைக்கு ஒங்க ஆச்சி பெட்டிக்குச் சந்தனம் வச்சு, குங்குமத்தைச் சரியா அந்த லைட்டு மேலயே அப்பியிருக்கா! சாமி கும்புடட்டும், வேணாங்கல. பொட்டை மட்டும் மூடி மேல வைக்கச் சொல்லு.

அதே 192 பக்கத்துல 'ஆர்எக்ஸ் பவர்'னு ஒண்ணு காட்டும், பெட்டிக்கு வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு அது. மைனஸ் 15-ல இருந்து 25-க்குள்ள இருந்தா நிம்மதியாத் தூங்கு. மைனஸ் 27-ஐத் தாண்டுனா பெட்டிக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சிரும். 3 டிபி கொறஞ்சாலே வெளிச்சம் பாதியாப் போச்சுன்னு அர்த்தம். வாசல்ல போய்ப் பாரு, மிச்ச இழையை ஆணியில இறுக்கிச் சுத்தி, அதே ஆணியில துணிக்கொடியும் கட்டியிருக்கு. ஈர வேட்டி காயப் போடுற அன்னைக்கெல்லாம் இழை மடங்குது, மடங்குன எடத்துல வெளிச்சம் வெளிய கசியுது. கொடிக்கு வேற ஆணி அடி. இழையை உள்ளங்கை அகலத்துக்குக் கொறையாம வளையமா விடு. பச்சை நுனியைக் கழட்டி ஊதிப் பாக்காத, கண்ணுக்கு நேராவும் புடிக்காத. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். மத்தது அணில் கடி, ஓலை வெட்டும்போது அருவா பட்டது, குடிதண்ணிக் குழாய்க்குத் தோண்டுன எந்திரம். அதெல்லாம் கேபிள்காரப் பையன் பாடு. பவர் எவ்வளவுன்னு நம்பரோடச் சொல்லு, அவன் மரியாதையா வருவான்.

பகல்ல பறந்து ராத்திரி எட்டு மணிக்குத் தவழுதா? அது பந்திக் கூட்டம்லே. ஒரு இழையில 2.5 ஜிகாபிட் கிட்ட வருது, அதை 64 வீட்டுக்குப் பிரிச்சாலும் தலைக்கு 39 எம்பி. மொத்தப் பேரும் ஒரே நேரத்துல எலையில உக்காந்தாலும் அம்புட்டு விழணும். விழலன்னா அடுப்படியிலயே சோறு கம்மி, அதாவது ஆபரேட்டர் மேல இருந்து வாங்குற அளவு பத்தல. காலையில ஆறு மணிக்கு ஒண்ணு, ராத்திரி ஒம்பதுக்கு ஒண்ணு, கேபிள் சொருகி ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காலண்டர் பின்னால ஒரு வாரம் எழுது. மாசக் கடைசியில மட்டும் வேகம் விழுந்தா டேட்டா வரம்பு தாண்டியிருக்கும். ஆப்புல பாரு.

பெறவு புகாரு எழுது. "பிராட்பேண்ட் வரல"ன்னு எழுதிராத. 2004-ல 256 கேபி வந்தாலே பிராட்பேண்டுன்னு சர்க்கார் சொல்லுச்சு, 2013-ல 512 ஆச்சு, 2023-ல இருந்து 2 எம்பி. ஒனக்கு ரெண்டே வந்தாலும் சட்டப்படி அது பிராட்பேண்டுதான், அவன் நெஞ்சை நிமித்துவான். "இந்தப் பிளானு, இந்த நேரம், கேபிள்ல இவ்வளவு"ன்னு எழுது. டாக்கெட் நம்பர் இல்லாம போனை வைக்காத. தீரலன்னா அந்தக் கம்பெனியிலயே மேல்முறையீட்டு அதிகாரி உண்டு, 2012 விதிப்படி 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். டிராய்க்கு, அதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, நேரா எழுதிப் புண்ணியமில்ல, தனி ஆள் புகாரை அவுக விசாரிக்கிறதில்ல. இன்னொரு வழியும் பாரு. பாரத்நெட்டுன்னு 2011-ல ஒப்புதலான திட்டம், நம்ம மாநிலத்துல 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர் கொண்டாரணும்னு கணக்கு. நம்ம பஞ்சாயத்து ஆபீஸ்ல அந்த இழை எரிஞ்சா வீட்டுக் கனெக்‌ஷன் யாரும் குடுக்காகளான்னு கேளு.

கடைசியா ஒரு சங்கதி. மீட்டிங்ல ஒன் மூஞ்சி உறைஞ்சு போவுது, கிரிக்கெட்டுல ஒரு பந்து கூடத் தப்பல. இதுக்கும் நியாயம் உண்டுலே. மேட்ச்சைக் கொஞ்சம் முன்கூட்டியே எறக்கி வச்சுக்கிட்டுக் காட்டும். மீட்டிங்ல அப்படிச் சேத்து வைக்க முடியாது, அப்லோடும் வேணும். போன் பாட்டுக்குப் போட்டோவை மேல ஏத்திக்கிட்டே இருந்தா மீட்டிங் திக்கும். அதனால மதியம் நீ தூங்கும்போது நானே கேபிளைச் சொருகி அப்லோடு பாத்தேன். அருமையா இருக்கு. மாடியில ஒன் கட்டிலு பக்கத்துலயும் பாத்தேன், மீட்டிங்குக்குத் தாராளம். ஆனா மேனேஜர் "அந்த ரிப்போர்ட் எங்க"ன்னு கேட்ட நிமிஷத்துல மட்டும் உறையுது. இப்படி நேரம் பாத்து வர்ற கோளாறை நான் என் சர்வீஸ்ல கண்டதில்ல. அதனால சொல்லுதேன், எல்லாத்தையும் ஒரே நாள்ல சரி பண்ணிராத. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குன்னு ஒரு கோளாறை மிச்சம் வச்சுக்கோ.