மூடாதே, மூடாது

மாட்ரிட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே மேலதிகாரியை ‘தூ’ என்றுதான் கூப்பிட வேண்டும். துப்பவில்லை சித்தப்பா, ஸ்பானிய மொழியில் ‘தூ’ என்றால் ‘நீ’. ‘நீங்கள்’ என்பதற்கு ‘உஸ்தெத்’ என்று ஒரு சொல் இருக்கத்தான் இருக்கிறது. எங்கள் கிடங்கின் பொறுப்பாளர் அம்மாளுக்கு நம் பெரியம்மா வயசு. முதல் நாள் நான் ‘உஸ்தெத்’ போட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. “துதேயாமே” என்றார். ‘என்னைத் தூ போட்டுப் பேசு’ என்று அர்த்தம். அந்த உத்தரவே ‘தூ’ கணக்கில்தான் வந்தது. தலையாட்டிவிட்டு, ஆறு மாதம் அவரை எப்படியுமே கூப்பிடாமல் ஒப்பேற்றினேன். சித்தி உங்கள் பெயரைச் சொல்லாமலே நாற்பது வருஷம் குடும்பம் நடத்தவில்லையா, அந்த மாதிரி.

நாள் முழுக்க ஏவல்தான். லைட்டை அணை, பெட்டியை அங்கே வை, ஃபிச்சார் மறக்காதே. ஃபிச்சார் என்பது வந்த நேரம், போன நேரம் பதிவது. 2019 மே மாதத்திலிருந்து இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். ‘தயவுசெய்து’ எல்லாம் அபூர்வம். ஆனால் யார் குரலிலும் கோபம் இராது. டீக்கடை மாதிரி இருக்கும் பாரில் ‘பொன்மே உன் கஃபே’, அதாவது ‘எனக்கு ஒரு காபி வை’ என்கிறார்கள்; கடைக்காரர் சிரித்துக்கொண்டே வைக்கிறார். ‘வென்’ என்றால் வா, ‘வே’ என்றால் போ. நம் வா, போ போலவே கடுகு சைஸ். ‘ஸால்’ என்றால் வெளியே போ. உப்புக்கும் அதே சொல். சாப்பாட்டு மேஜையில் பார்த்துக் கேட்க வேண்டும்.

வினை எனக்கு ‘மூடு’வில் காத்திருந்தது. ‘தியெர்ரா’ என்றால் மூடு. ‘மூடுகிறது’ என்பதற்கும் அதே ‘தியெர்ரா’தான். வேண்டாம் என்று சொல்ல முன்னால் ‘நோ’ போட்டால் மட்டும் போதாது, வால் மாறி ‘நோ தியெர்ரெஸ்’ ஆக வேண்டும். எங்கள் பின்னறைக் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி கழன்று போயிருந்தது. யாராவது மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நல்ல மனசோடு ‘நோ தியெர்ரா லா புயெர்த்தா’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். ‘கதவை மூடாதே’ என்று நினைத்து நான் எழுதியது, ‘கதவு மூடாது’!

மறுநாள் ரிப்பேர்காரர் வந்தார். சீட்டைப் படித்தார். கருவிப்பெட்டியை வெளியே வைத்துவிட்டு, என்னையும் உள்ளே கூப்பிட்டு, கதவை இழுத்து மூடிப் பார்த்தார். க்ளக். “அருமையாக மூடுகிறதே!” என்றார். அப்புறம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

இருபது நிமிஷம், சித்தப்பா. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே. இரண்டு பேர் செல்போனும் வெளியே. கடைசியில் அம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டது. ‘ஆப்ரா’ என்றால் ‘திறங்கள்’, ‘ஆப்ரே’ என்றால் ‘திற’. அந்த நேரத்தில் எவனுக்கு இலக்கணம் ஞாபகம் இருக்கும்? “ஆப்ரே! ஆப்ரே!” என்று கதவை இடித்தேன். திறந்தவர் ரிப்பேர்காரரைக் கண்டுகொள்ளவே இல்லை. “ஆறு மாசம் கழித்து இப்போதுதான் என்னை ‘தூ’ போட்டிருக்கிறாய்” என்று என் தோளைத் தட்டினார். பிறகு சிவப்புப் பேனா எடுத்து, சீட்டில் ‘தியெர்ரா’வின் கடைசி எழுத்தை அடித்து, ‘எஸ்’ வரும்படி திருத்தினார், ஸ்கூல் டீச்சர் மாதிரி.

கைப்பிடி அன்றைக்கே போட்டாகிவிட்டது. சீட்டை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. இப்போது கதவை ஒருவரும் மூடுவதில்லை. வெங்காய வாடை என் மேஜை வரை வருகிறது.

சித்தியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்