ஏழு இரவா, எட்டு மணி நேரமா?

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்கும் நியூயார்க்குக்கும் இடையே கால அட்டவணை போட்டு ஓடும் பயணக் கப்பல் இன்று ஒன்றே ஒன்றுதான்: குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2. 2004 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய இதன் நீளம் 345 மீட்டர். ஏறக்குறைய 2,700 பேர் ஏறலாம். அட்லாண்டிக்கைக் கடக்க ஏழு இரவு எடுத்துக்கொள்கிறது. லண்டனில் ஏறினால் விமானம் நியூயார்க்கில் சுமார் எட்டு மணி நேரத்தில் இறக்கிவிட்டுவிடும். இரண்டில் எது மலிவு என்பதற்கான விடை, கணக்குப் போடுபவர் எதில் போவதென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்பதைப் பொறுத்தது.

கூட்டமில்லாத பருவத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறையில், ஆளுக்கு ஆயிரத்து இருநூறு டாலர் வாக்கில் கப்பலில் இடம் கிடைக்கும். விமானத்தின் சாதாரண வகுப்பில் போகவர ஆகும் கட்டணத்தைப் பாதியாக வகுத்தால் நானூறு டாலருக்குள் அடங்கிவிடும். மூன்று மடங்கு வித்தியாசம். விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கப்பல் பிரியர்கள் இங்கேதான் பென்சிலைச் சீவத் தொடங்குகிறார்கள். ஏழு நாள் என்பது 168 மணி நேரம். ஆயிரத்து இருநூறை அதனால் வகுத்தால் மணிக்கு ஏழு டாலர். விமானத்தில் மணிக்கு ஐம்பது. ஆகவே கப்பல் ஏழு மடங்கு மலிவு! இதே வாய்ப்பாட்டின்படி, துடுப்புப் போட்டுக்கொண்டு போவது அதைவிடவும் மலிவு.

அடுத்த வாதம் ஓட்டல் வாடகை. கப்பல் கட்டணத்தில் தங்குமிடம் உண்டு, காலைச் சாப்பாடு முதல் இரவு விருந்து வரை உண்டு, மாலையில் வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர்கள் ஊற்றித் தரும் தேநீரும் உண்டு. நியூயார்க்கில் சுமாரான ஓட்டல் அறையே ஓர் இரவுக்கு இருநூறு டாலருக்கு மேல் கேட்கும். ஏழு இரவுக்கு எவ்வளவு மிச்சம் பாருங்கள் என்பார்கள். இந்தக் கணக்கில் ஓட்டை பெரிது. விமானத்தில் போகிறவர் அந்த ஏழு இரவும் தம் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பார். அட்லாண்டிக் நடுவில் அறை எடுத்துத் தங்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நேர்மையாகக் கழிக்க வேண்டியது ஏழு நாள் வீட்டுச் சாப்பாட்டுச் செலவை மட்டும்தான்.

உண்மையில் ஒப்பிட வேண்டியது பிசினஸ் வகுப்போடு. எட்டு மணி நேரத்துக்குக் காலை நீட்டிப் படுக்க ஓர் இருக்கை, ஒரு போர்வை, இரண்டு வேளை உணவு, இதற்குச் சில ஆயிரம் டாலர் ஆகிறது. அந்தப் பணத்துக்குக் கப்பலில் பால்கனி வைத்த அறையே கிடைக்கும். ஒரு வாரம் நாடகம், நடனம், நூலகம், கடலிலேயே முதலாவதாக அமைந்த கோளரங்கம் எல்லாம் சேர்த்தி. இந்தப் போட்டியில் கப்பல் தாராளமாக ஜெயிக்கிறது. ஆனால் பிசினஸ் வகுப்பில் பலருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது கம்பெனி. கப்பலுக்குக் கட்டுவது சொந்தப் பணம். ஊரான் காசு என்னும் இந்த அம்சத்தை எந்த ஒப்பீட்டு அட்டவணையும் ஒரு பத்தியாகச் சேர்ப்பதில்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது ஏறிய பிறகு விளங்கும். விளம்பரத்தில் உள்ள கட்டணம் ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால்தான். தனி ஆள் இருவர் அறையை எடுத்தால் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு. வராத துணைக்கும் சேர்த்துக் கட்டுகிறார். 2016இல் கப்பலைப் புதுப்பித்தபோது ஒற்றை ஆளுக்கென்று 15 அறைகள் வைத்தார்கள். இது போக, ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று பணியாளர் அன்பளிப்பு தானாகக் கணக்கில் ஏறும். அன்பும் அளிப்பும் கணினி பார்த்துக்கொள்கிறது. மது தனி, இணையம் தனி, கப்பல் புகைப்படக்காரர் எடுத்த படம் தனி. கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையை நீட்டினால் போதும். காசு கைமாறுவதைக் கண் பார்க்காததால் மனசும் பதறுவதில்லை. கடைசி இரவு பில்லைப் பார்க்கும்போது மொத்தமாகப் பதறிக்கொள்ளலாம்.

விருந்து இரவுகளில் ஆண்கள் கறுப்புக் கோட்டும் டையுமாக வர வேண்டும். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை அறையின் விலை தீர்மானிக்கிறது: சாதாரண அறைக்காரர்களுக்குப் பிரிட்டானியா, அதற்கு மேல் பிரின்சஸ் கிரில், உச்சியில் குயின்ஸ் கிரில். அலை அடித்தால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரிதான் குமட்டும். இத்தனை படிநிலையையும் கலைத்துப்போடும் இடம் ஒன்று உண்டு: சலவை இயந்திர அறை. துவைக்கக் காசில்லை, சோப்புத் தூளும் இலவசம். ஆகவே, முந்தின இரவு முத்துமாலையோடு உலவிய சீமாட்டிகள் மறுநாள் காலை அழுக்கு மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள். துவைத்து முடிந்தும் உடைக்காரர் வராவிட்டால், அடுத்தவர் அந்த ஈரத் துணியை வெளியே எடுத்து வைக்கலாமா என்பது கடலின் தீராத சட்டப் பிரச்சினை. கப்பலில் சண்டை பார்க்க விரும்புகிறவர்கள் நாடக அரங்குக்குப் போகத் தேவையில்லை.

ஒரு காலத்தில் விலைகள் தலைகீழாக இருந்தன. 1939இல் பான் அமெரிக்கன் நிறுவனம் அட்லாண்டிக்கின் மேல் பயணிகளோடு பறக்கும் படகை விட்டபோது, போக மட்டும் 375 டாலர், போகவர 675. அன்று விமானம்தான் சீமான் வண்டி. கப்பலில் ஏழைக்கும் மூன்றாம் வகுப்பு இருந்தது. 1958 அக்டோபர் 4இல் பிரிட்டனின் காமெட் 4 ஜெட்டும், அதே மாதம் 26இல் பான் அமெரிக்கனின் போயிங் 707ம் வந்தன. கப்பலில் கடந்தவர்களைவிட விமானத்தில் கடந்தவர்கள் அந்த ஆண்டே அதிகமாகிவிட்டார்கள். பிறகு வரிசையாக ஓய்வு: 1967இல் பழைய குயின் மேரி, 1968இல் குயின் எலிசபெத், 1969இல் யுனைடெட் ஸ்டேட்ஸ், 1974இல் பிரான்ஸ்.

இவற்றில் யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பல் 1952இல் தன் முதல் பயணத்திலேயே 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடலைத் தாண்டிச் சாதனை படைத்தது. குயின் மேரி 2க்கு அதைப்போல இரு மடங்கு நாள் ஆகிறது. இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. தொடக்கத்தில் ஆறு இரவில் போய்க்கொண்டிருந்த கப்பலைத்தான் ஏழு இரவாக்கினார்கள். கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு இயந்திரத் திறன் வேண்டும். சற்றே மெதுவாகப் போனாலும் எண்ணெய் கணிசமாக மிச்சமாகும். மெதுவாகப் போவதால் கம்பெனிக்கு எண்ணெய் லாபம். கூடுதல் இரவுக்குப் பயணியிடம் வாடகை லாபம். அந்த இரவு மதுக்கூடத்தில் நடக்கும் வியாபாரம் மூன்றாவது லாபம். ரயில் ஒரு நாள் தாமதமானால் பயணிகள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இங்கே தாமதத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

நேரத்தையும் கப்பல் வேறு மாதிரி விற்கிறது. மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பதால் ஐந்து நாட்களுக்கு 25 மணி நேரம். விமானத்தில் போனவர் நடுநிசியில் கொட்டக் கொட்ட விழித்திருக்கும் தொல்லை இவருக்கு இல்லை. திரும்பி வரும்போது பகல் பன்னிரண்டு மணிக்கு முள்ளை முன்னால் நகர்த்தி, கொடுத்ததை எல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள். கான்கார்டு விமானம் ஓடிய காலத்தில், லண்டனில் கிளம்பிய மணிக்கு முன்பாகவே நியூயார்க் மணிப்படி போய் இறங்கலாம். ஒரு பக்கம் கப்பல், மறு பக்கம் கான்கார்டு என்று சேர்த்துக் கட்டிய பொட்டலமும் அன்று விற்பனைக்கு இருந்தது.

கணக்கே போடாமல் கப்பலேறுகிறவர்களும் உண்டு. பறக்கப் பயப்படுகிறவர்கள் முதல் வகை. விண்மீன் மண்டலம் முழுக்க மனிதர்களைக் குடியேற்றிக் கதை எழுதிய ஐசக் அசிமோவ் விமானம் என்றால் ஒதுங்கிவிடுவார். இங்கிலாந்துக்குக் கப்பலில்தான் போய்வந்தார். ஊரையே மாற்றிக் குடிபோகிறவர்கள் அடுத்த வகை. விமான நிலையத்தில் 23 கிலோவைத் தாண்டிய பெட்டியைத் தரையில் விரித்து, ஊறுகாய் பாட்டிலை எடுப்பதா புடவையை எடுப்பதா என்று குடும்பமே பஞ்சாயத்துப் பேசும் காட்சி கப்பல் துறையில் கிடையாது. நாய் வைத்திருப்பவர்கள் மூன்றாம் வகை. பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் செல்லப்பிராணி பெரும்பாலும் சரக்காகத்தான் வர வேண்டும். குயின் மேரி 2இல் அவற்றுக்கு 24 கூண்டுகள். மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். ஒரு நாய்க்கு ஆயிரம் டாலரைத் தொடும் கட்டணம், அதாவது எஜமானரின் உள்ளறைக் கட்டணத்துக்குச் சற்றே குறைவு. நாய்களுக்கான தளத்தில் ஒரு பிரிட்டிஷ் விளக்குக் கம்பமும் ஒரு நியூயார்க் தீயணைப்புக் குழாயும் நட்டிருக்கிறார்கள். எந்த நாட்டு நாயும் தன் ஊர் வழக்கப்படி காலைத் தூக்கலாம். பூனைக்கு இரண்டு கூண்டு எடுக்க வேண்டும், ஒன்று கழிப்பறை.

இத்தனைக்கும் பிறகு, போனவர் திரும்பியாக வேண்டும். மறுபடியும் ஏழு இரவு விடுப்புக் கிடைக்காதவர்கள் திரும்பும்போது விமானம் ஏறுகிறார்கள். சென்னைக்காரராக இருந்தால் சவுத்தாம்ப்டனுக்குப் போய்ச்சேரவே முதலில் லண்டன் வரை பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்தாக வேண்டும். திரும்பும் விமானத்துக்கு ஒரு வழி டிக்கெட் கேட்டால் பெரிய விமான நிறுவனங்கள் பலவற்றில் அது போகவர டிக்கெட்டைவிட விலை கூடுதலாக இருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நியூயார்க்கிலிருந்து போகவர டிக்கெட்டே எடுத்து, போகும் பாதியில் பறந்துவிட்டு, வரும் பாதியைக் கிடப்பில் போடுகிறார்கள். வரிசை மாற்றி முதல் பாதியை விட்டால் விமான நிறுவனம் மறு பாதியையும் ரத்து செய்துவிடும். கிடப்பில் போன இருக்கைக்காக யாரும் வருந்த வேண்டாம். இருக்கைகளைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்பது அந்தத் தொழிலில் வழக்கம் என்பதால், அது வேறொருவருக்கும் முன்பே விற்கப்பட்டிருக்கும்.