கருந்திரையில் மாத்திரை மயக்கம்: சயான் வட்டாரத் தமிழரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மும்பையின் சயான் கிழக்கில் ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி நடக்கிறது, மேற்கில் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் கணினி வகுப்பு நடக்கிறது. எந்தப் பாடகர் உசத்தி, காபியில் சிக்கரி எத்தனை பங்கு என்பன குறித்து இவ்வட்டாரத்தார் தலைமுறை தலைமுறையாக வாதாடி வருகின்றனர். ஆனால் கணினிக்கு எந்த டெர்மினல் எமுலேட்டர் ஏற்றது என்ற வினாவை இலக்கண நோக்கில் எவரும் தொட்டதாகத் தெரியவில்லை. மௌஸைத் தீண்டாமல் கட்டளைகளைத் தட்டியே கணினியை வேலை வாங்கும் அந்தக் கருந்திரையே இவ்வாய்வின் பொருள்.

2. மரபு

1928இல் ஐபிஎம் வெளியிட்ட துளையட்டையில் 80 பத்திகள் இருந்தன. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விடி100 முனையமும் வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 24 வரி என்று வந்தது. 1984இல் பிறந்த எக்ஸ்டெர்ம் முதல், வரைகலைச் சில்லின் வேகத்தைக் காட்டி 2017இல் அறிமுகமான அலாக்ரிட்டி வரை, காலிபர் நிரலைத் தந்த கோவித் கோயலின் கிட்டி உட்பட, எல்லாமே அந்தப் பழம்பெட்டியைப் போல நடிப்பவைதாம். சன்னலை எவ்வளவு இழுத்துப் பெரிதாக்கினாலும் உள்ளே இருப்பவை ஒரே அளவுக் கட்டங்களே.

3. தேர்வாளர் வகை

நன்னூலில் பவணந்தியார் மாணாக்கரை வகுத்த முறையே இங்கும் பொருந்தும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் போன்றோர் தலை. இவர்கள் கணினியோடு வந்த டெர்மினலையே வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பர். கிளி போன்றோர் இடை. பக்கத்து மேசை அண்ணன் சொன்ன பெயரையே சொல்வர். கடை மாணாக்கருள் ஆடு, வாரத்துக்கு ஒரு டெர்மினலை நிறுவி நுனி மட்டும் மேயும். எருமை, இருந்த அமைப்புக் கோப்பையும் கலக்கிவிட்டு எழும். நெய்யரியோ நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. கட்டளை ஒன்றும் நினைவில்லை, பின்னணி நிறத்தின் பெயர் மட்டும் தெரியும்.

இவ்வனைவரும் வேகத்தையும் வண்ணத்தையும் ஒப்பிடுகின்றனரேயன்றி, எவரும் தம் ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டிப் பார்ப்பதில்லை.

4. கண்டறிந்தவை

ஒரு குறிக்கு எத்தனை கட்டம் என்பதைக் கணக்கிடும் சிறு நிரல் ஒன்றைக் கேம்பிரிட்ஜின் மார்க்கஸ் கூன் எழுதினார். அதன் வழிவந்த கணக்கைப் பல நிரல்கள் பின்பற்றுகின்றன. யூனிகோடு ஒரு துணைக்குறியை 'இடம் கொள்ளாதது' என்று வகைப்படுத்தியிருந்தால் அதற்குக் கட்டம் இல்லை. 'இடம் கொள்வது' என்றால் ஒரு கட்டம். தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. கால், கொம்பு, இகர உகரக் குறிகள் இரண்டாம் வகை.

விளைவு விபரீதம். தொல்காப்பியப்படி குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கருந்திரையில் 'கி'க்கு இரண்டு கட்டம், 'கீ'க்கு ஒன்று. அரை மாத்திரை 'க்', இரண்டு மாத்திரைக் 'கீ'யோடு சரியாசனம் பெறுகிறது.

வட்டாரப் பெயர்களை இக்கணக்கில் இட்டால்: சயான், மூன்றெழுத்து, நான்கு கட்டம். செம்பூர், நான்கெழுத்து, ஆறு கட்டம். மாட்டுங்கா, ஐந்தெழுத்து, எட்டுக் கட்டம். தாராவி, மூன்றெழுத்து, ஆறு கட்டம். எழுத்துக்கு இரண்டு கட்டம் என்ற தாராளம் மும்பையிலேயே இடநெருக்கடிக்குப் பேர்போன தாராவிக்கு மட்டும் வாய்த்திருப்பது ஆராயத்தக்கது.

'கொ' நிலை வேறு. கொம்பு, ககரம், கால் என மூன்று உருப்படி. கணக்கில் இரண்டு கட்டம். மூன்று பேர் குடும்பத்துக்கு இரண்டு பேர் படுக்கும் கோலி அறை ஒதுக்கியது போல அது நெருங்கிக் கிடக்கிறது. டெர்மினல் ஒரு கணக்கும் உள்ளே ஓடும் நிரல் வேறு கணக்கும் போட்டால் தொல்லை முற்றும். கர்சர் ஓரிடத்தில் சிமிட்ட, அழிவது வேறொரு எழுத்தாக இருக்கும்.

தமிழே கருந்திரைக்கு ஒவ்வாது என்று கொள்ளற்க. ஐஐடி கான்பூரில் முளைத்து, 1988இல் தொடங்கிய புணே சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், யூனிகோடு பரவுமுன்பே இந்திய எழுத்துகளை முனையத் திரையில் காட்டியது. தாதரில் ரயிலேறினால் மூன்று மணிநேரச் சொச்சத் தொலைவில் நடந்த வேலை இது.

5. பரிந்துரைகள்

அ) வேகச் சோதனைக்கு முன் மேற்கண்ட நான்கு பெயர்களையும் தட்டி, பின்னிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்துப் பார்க்க. நினைத்த எழுத்தே அழிந்தால் அந்த டெர்மினல் தலை.

ஆ) இந்திய எழுத்துகளையும் மனத்தில் கொண்டு ஆக்கப்பட்ட எம்.எல்.டெர்மை முதலிலும், கேடிஇயின் கான்சோலை அடுத்தும் சோதிக்க.

இ) எதுவும் தேறாவிடில் கோப்புகளுக்கு ஈகாரமும் ஒற்றும் மிகுந்த பெயரே இடுக. 'மீன்' இரண்டெழுத்து, இரண்டே கட்டம், குறையில்லை. 'இறால்' மூன்றெழுத்து, நான்கு கட்டம், வீண்செலவு. சயான் கோலிவாடாவின் புகழே பொரித்த இறாலால் வந்தது என்பதால், இப்பரிந்துரை அங்கு மட்டும் செல்லாது என்க.