லூப் பெட்டி மகாராஜர் பெருமை

ஆடி பிறந்துவிட்டால் கரையான்சாவடி சுற்றுவட்டாரத்தில் பகலில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள், இரவில் ஆர்கெஸ்ட்ரா வைப்பார்கள். பூந்தமல்லி, மாங்காடு, திருவேற்காடு என எந்தப் பக்கம் திரும்பினாலும் சீரியல் பல்பு வெளிச்சத்தில் ஒரு மேடை. அந்த மேடையின் நடுநாயகமாக, இரும்புத் தாங்கியின்மேல் எழுந்தருளி, ஒரு தட்டுத் தட்டினால் பதிந்துவைத்த தாளத்தைத் திரும்பத் திரும்ப முழங்கும் லூப் பெட்டி மகாராஜரின் கீர்த்தியைப் பாட ஆயிரம் நாவுள்ள ஆதிசேஷன்தான் வர வேண்டும். அவர் வரும்வரை அடியேன் ஆரம்பித்து வைக்கிறேன்.

மகாராஜர் அவதரிப்பதற்கு முன் நாம் பட்ட பாடு கொஞ்சமா? டிரம்ஸுக்கு ஒருவர், தபேலாவுக்கு ஒருவர், டோலக்குக்கு ஒருவர். அம்மன் பாட்டு என்றால் பம்பைக்கும் தவிலுக்கும் தனியாக ஆட்கள். அத்தனை பேருக்கும் வேன், சாப்பாடு, சம்பளம். அதைவிடப் பெரிய தொல்லை, அவர்கள் பாடுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் ஒரு சங்கதியை இழுத்தால் இவர்களும் காத்திருப்பார்கள். கூட்டம் எழுந்து ஆடினால் இவர்கள் கையிலும் சூடேறும். ஒரே பாட்டை ஆவடியில் ஒரு மாதிரியும் அம்பத்தூரில் வேறு மாதிரியும் வாசித்துவிட்டுப் போவார்கள். இந்த ஒழுங்கீனத்தை நம் பெரியவர்கள் எப்படித்தான் சகித்தார்களோ!

மகாராஜரின் வம்சம் ஏழ்மையில் தொடங்கியது. 1985இல் ரோலண்டு கம்பெனி கொண்டுவந்த முதல் ஆக்டோபேடுக்கு எட்டுக் கட்டங்கள் இருந்தன, சொந்தமாக ஒரு சத்தம்கூடக் கிடையாது. வேறொரு கருவியோடு இணைத்து, அடிக்கு ஒரு சத்தமாக வியர்க்க வியர்க்க வாசிக்க வேண்டும். வாசிப்பவருக்குத் தாளம் தெரிந்திருக்க வேண்டிய கொடுமையும் இருந்தது. பிறகு அதே கம்பெனியின் எஸ்பிடி-எஸ் வந்தார். சிறு கார்டு ஒன்றில் சத்தங்களைச் சேமித்துக்கொண்டார். அடுத்து எஸ்பிடி-எஸ்எக்ஸ் பட்டத்துக்கு வந்தார். ஒன்பது கட்டங்கள், நூறு கிட்டுகள், பென்டிரைவ் செருகத் துவாரம். செவ்வாடை பூண்ட சிறப்புப் பதிப்புக்கு 16 ஜிபி. 2022இல் முடிசூடிய எஸ்பிடி-எஸ்எக்ஸ் புரோவுக்கோ 32 ஜிபி. ஞானத்தை ஜிபியால் அளக்கும் காலத்தில் இதைவிடப் பெரிய பண்டிதர் உண்டா?

ஆகவே பெட்டி வாங்கப் போகும் குழுக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எத்தனை பாட்டுக்கு லூப் கொள்ளும்? பாடகர் வேகத்துக்கு மேடையிலேயே டெம்போவை மாற்ற வருமா, கால் சுவிட்சில் நிறுத்த முடியுமா, தபேலாவையும் டிரம்ஸையும் மிக்சருக்குத் தனித்தனி ஒயரில் அனுப்பலாமா என்றெல்லாம் விசாரிப்பது, வாசிக்கத் தெரிந்தவர்களின் அற்பச் சந்தேகம்.

மகாராஜர் கொலுவிருக்கும் அழகைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஓர் இளைஞர் பக்கத்தில் நிற்பார். பல்லவிக்கு முன் ஆள்காட்டி விரலால் மேல்வரிசையில் ஒரு தட்டு. உடனே தபேலா, டோலக், கடசிங்காரி, பத்து வயலின் எல்லாம் ஒருசேர முழங்கும். இளைஞர் அந்த விரலைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் ஆழ்ந்துவிடுவார். நாலாவது ஆவர்த்தனத்தில் டோலக்கில் ஓர் உருட்டு வரும். எட்டாவதிலும் அதே உருட்டு, பன்னிரண்டாவதிலும் அதே. போன வருஷம் குமணன்சாவடியில் கேட்டதும் அச்சுப் பிசகாமல் அதுவேதான். எப்போதோ ஒரு ஸ்டுடியோவில் அந்த உருட்டை வாசித்த விரல்கள் யாருடையவை, அவருக்கு இதில் ஒரு பைசாவாவது போகிறதா என்று கேட்பது நாகரிகமல்ல.

பாடுகிற பெண் ஆர்வக்கோளாறில் சரணத்தை ஒரு தாளம் முன்னால் எடுத்துவிட்டால் மகாராஜர் அசைந்துகொடுப்பாரா? ராஜநடை யாருக்காகவும் நிற்காது. அந்தப் பெண்தான் தடுமாறி ஓடிவந்து சேர்ந்துகொள்ள வேண்டும். கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாற்றும் வேளையில் மகாராஜர் யோகநித்திரையில் ஆழ்ந்துவிடுவார். விழித்தெழும்வரை மேடை முழுவதும் கைகட்டி நிற்கும். சாதாரணத் தவில்காரர் இந்த இடத்தில் இருட்டிலேயே தனி ஆவர்த்தனம் வாசித்துக் கைதட்டலைக் கொள்ளையடித்திருப்பார். அந்த அபாயம் நீங்கியது.

இங்கிலாந்தில் எட் ஷீரன் என்றொருவர். 2015இல் வெம்ப்ளி மைதானத்தில் மூன்று இரவுகள், பக்கவாத்தியமே இல்லாமல் தன்னந்தனியாகப் பாடினார். காலடியில் அவரும் லூப் பெட்டிதான் வைத்திருந்தார். ஆனால் பிழைக்கத் தெரியாதவர். வெறும் பெட்டியோடு மேடையேறி, சனங்கள் கண்ணெதிரே கித்தாரைத் தட்டி, அந்தத் தட்டைப் பதிந்து, அதன்மேல் குரலை அடுக்கி, ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கட்டினார். ஓர் அடுக்குத் தப்பினால் மானம் போய்விடும். இவ்வளவு சிரமம் எதற்கு? நம் பக்கம் வந்திருந்தால் ஒரு பென்டிரைவில் மொத்தத்தையும் ஏற்றிக் கொடுத்திருப்போம்.

எனவே விழாக் கமிட்டிப் பெரியோர்களே, வருகிற ஆடிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது பெட்டி எத்தனை ஜிபி என்று மட்டும் கேளுங்கள். தவறிப்போய்க்கூட, தாளம் வாசிக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் நிஜமாகவே நாலு பேர் வந்து வாசித்துவிடுவார்கள்.