இரண்டு ஆஸ்களின் எஜமானர்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், மாலை ஆறு மணிக்கு வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிட்ட பிறகு, காந்தி சிலைக்கும் துயுப்ளெக்ஸ் சிலைக்கும் இடையே காற்று வாங்கி உலவும் ஜனத்திரளில், சர்க்கரை வியாதிக்காக நடப்பவர்கள், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்காக நடப்பவர்கள், மனைவியின் மௌனத்துக்கு அஞ்சி நடப்பவர்கள் என்று பல வகையார் உண்டு; இவர்களில் எவரோடும் சேராமல், கைப்பிடிச் சுவரின்மீது கைப்பேசியும் கையுமாக அமர்ந்து, சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் வங்காள விரிகுடாவைப் பார்த்து ‘அநியாயம்!’ என்று முறையிடும் ஒரு கனவானையும் அங்கே காணலாம். நுழைவுக் கட்டணம் இல்லாத போக்கர் பந்தயங்களை ஆடித் தோற்பதையே ஓய்வுக்கால விரதமாகக் கொண்ட அந்தப் பிரகிருதியை அக்கம்பக்கத்தார் ‘முசே’ என்று அழைப்பார்கள். துய்மா வீதியிலும் இருப்பார், முத்தியால்பேட்டையிலும் இருப்பார். வீடுதான் வேறே தவிர, விலாபம் ஒன்றே.

முசேயின் பூர்வாசிரமம் மிகவும் கௌரவமானது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து பென்ஷன் வாங்கிய ஒரு ‘சொல்தா’ மாமனார் அவருக்கு வாய்த்திருந்தார். அந்த மாமனாரின் திண்ணையில்தான் மருமகன் பெலோத் ஆடக் கற்றுக்கொண்டது. முப்பத்திரண்டே சீட்டு, நான்கே பேர், எதிரெதிரே அமரும் இருவர் கூட்டாளிகள். துருப்பு இனத்தின் ஜாக்கிக்கு 20 புள்ளி, ஒன்பதுக்கு 14. கடைசிப் பிடிக்கு 10 சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் 162. எல்லாம் ஒரு வரம்புக்குள் நடக்கும்; எந்தச் சீட்டு விழுந்தது, எது யாரிடம் மிஞ்சியிருக்கிறது என்பதை ஞாபகத்தில் வைத்திருப்பவனே பெரும்பாலும் ஜயிப்பான்; தோற்றவனும் எதனால் தோற்றோம் என்று அறிந்துகொண்டே எழுந்திருப்பான். இப்படிப்பட்ட தர்ம ராஜ்யத்தில் வளர்ந்தவர், பேரன் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்த போக்கர் மேஜைக்குக் குடிபெயர்ந்தபோது, அந்தத் தர்மங்களையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார். வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான்.

போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக விழும்; பொதுவாக ஐந்து சீட்டு மேஜையில் திறக்கும். இரண்டு சீட்டுகள் சேரக்கூடிய வகைகள் 1,326. அவற்றில் இரண்டும் ஆஸாக அமைவன ஆறே ஆறு. ஆகவே சராசரியாக 221 கைகளுக்கு ஒரு தரம்தான் அந்தப் பாக்கியம் கிட்டும். மணிக்கு அறுபது கை வீதம் விழுந்தாலும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் தவம் கிடக்க வேண்டும். முசேக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். வலிய கை வருகிற வரையில் அடங்கியிரு, வந்துவிட்டால் துணிந்து கட்டு என்ற சூத்திரத்தையும் அவர் அறிவார். அந்தச் சூத்திரத்தில் பிழையேதும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இலவசப் பந்தயத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் யார்? கைக்காசு போடாமல் சில்லுகளைப் பெற்றவர்கள். வாடகை சைக்கிளை மேடு பள்ளம் பாராமல் விரட்டும் பையன்களின் மனோபாவம் படைத்தவர்கள். தோற்றால் நஷ்டமில்லை, ஜயித்தால் ஏதாவது கிடைக்கும் என்ற நிலையில், முதற்கையிலேயே சகல சில்லுகளையும் தள்ளிவிட்டு, இரட்டிப்பானால் தொடர்வது, இல்லையேல் எழுந்துபோய்ச் சாப்பிடுவது என்பதே அவர்களுடைய சித்தாந்தம். முசே சிரத்தையாகச் சிந்தித்துத் தள்ளும் சில்லுகளுக்கு அவர்கள் சிந்திக்காமலே பதில் தள்ளுகிறார்கள். பயமுறுத்தி விரட்டுவது என்ற வித்தையே அங்கே பலிக்காது. பயப்படுவதற்கு எதையேனும் இழக்க வேண்டியவனாக இருக்க வேண்டுமல்லவா?

ஒரு சுபமுகூர்த்தத்தில், பந்தயம் ஆரம்பித்த நாலாவது கையிலேயே, இரண்டு ஆஸ்கள் முசேயைத் தேடி வருகின்றன. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறார். எதிரிகளுக்கு முகம் தெரியாது என்பதையும் மறந்து, முகத்தில் வைராக்கியத்தை வரவழைத்துக்கொள்கிறார். பிரெஞ்சு வர்ணனைகளைக் கேட்டுப் பழகிய பாஷையில் ‘தாப்பி!’ என்று கூவி, அனைத்தையும் தள்ளுகிறார். நாலு பேர் கூடவே தள்ளுகிறார்கள். ஒருவனிடம் ஏழும் இரண்டும், அதாவது இந்த ஆட்டத்தில் மிகக் கேவலமானது என்று பண்டிதர்கள் தீர்ப்பளித்த கை. மேஜையில் ஓர் ஏழு திறக்கிறது. கடைசிச் சீட்டாக இன்னோர் ஏழும் வந்து விழுகிறது.

“என்னாங்க, போயிடுச்சா?” என்கிறது வீட்டிலிருந்து வந்த தொலைபேசிக் குரல்.

“போகலை, பிடுங்கிக்கிட்டாங்க. ஏழும் ரெண்டும் வச்சுக்கிட்டு ஒருத்தன் வருவானா?”

“அப்போ வர்றப்போ மாவு வாங்கிட்டு வந்துடுங்க.”

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஜோடி ஆஸ்கள் தனியொரு ஏழு–இரண்டை எதிர்த்தால் நூற்றுக்குச் சுமார் 88 தடவை ஜயிக்கும். ஏதோ ஒரு கை என்றால் 85. எதிரிகள் நால்வரானால் அது 56 அளவுக்கு இறங்கிவிடும். ஒன்பது பேர் மேஜையில் எல்லோருமே தள்ளிவிட்டால் 35தான். அதாவது, உத்தமோத்தமமான கையை வைத்துக்கொண்டும் மூன்றில் இரண்டு தடவை முசே வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். ஆனாலும் அவர் தள்ளியது சரியே. மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று மேலாக அவருடைய சில்லுகள் ஒன்பது மடங்காகின்றனவே, அது பெருத்த லாபமல்லவா? செய்தது சரி என்பதும், செய்தால் பெரும்பாலும் தோற்கும் என்பதும் ஏககாலத்தில் உண்மையாக இருக்கக்கூடும் என்பதைத்தான் முசேயின் மனம் ஏற்க மறுக்கிறது. நூற்றுக்கு எண்பத்தைந்து என்று எழுதியிருப்பதை அவர் பத்திரம் பதிவு செய்த சொத்தாகப் பாவிக்கிறார். மிச்சமிருக்கும் பதினைந்து அவருக்குச் செய்யப்படும் துரோகம். ஆஸும் ராஜாவும் சேர்ந்த கையை வெறும் ஜோடி இரண்டு தோற்கடித்துவிட்டால் அன்றைக்கு இராப்போஜனம் கிடையாது. அந்த ஜோடியின் பக்கமே கொஞ்சம் அதிக வாய்ப்பு என்று யார் எடுத்துச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

சட்ட ஞானமும் அவருக்கு உண்டு. ரம்மி பெரும்பாலும் திறமையின்பாற்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னதையும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகத் தமிழ்நாடு அரசு சட்டத்தில் சேர்த்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்ததையும் அவர் மேற்கோள் காட்டுவது, ஜயித்த தினங்களில் மட்டுமே; தோற்ற தினங்களில் கிரக சஞ்சாரத்தைப் பற்றித்தான் பேச்சு. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றம் தடை செய்தபோது ஊரில் பலர் கலங்கினார்கள், முசே கலங்கவில்லை. அவர் பணம் கட்டியவரே இல்லையே. 2003இல் அமெரிக்காவின் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், சிறு தொகை இணையப் பந்தயமொன்றின் வழியாக உலகப் போட்டிக்குள் நுழைந்து, 839 பேரைக் கொண்ட அந்த ஆட்டத்தில் முதற்பரிசாக 25 லட்சம் டாலர் வென்ற சரித்திரத்தைச் சொல்லும்போது மாத்திரம் அவர் கண்களில் ஒரு தேஜஸ் தோன்றும். அந்தக் கணக்கருக்கும் வழியில் எத்தனையோ நல்ல கைகள் உடைந்திருக்கும் என்பது அந்தச் சரித்திரத்தில் இடம்பெறாது.

முசேயைப் போன்றவர்கள் துஷ்டர்கள் அல்லர். பிறருக்குத் தீங்கு நினைக்கத் தெரியாதவர்கள். கேட்பதற்கு ஆள் கிடைத்தால் போதும். ஆகையால், கடற்கரையில் அவர் உங்களைப் பிடித்துக்கொண்டால் ஓடாதீர்கள். முழுக் கதையையும் கேளுங்கள்; ஏழும் இரண்டும் வரும் இடத்தில் ‘அடடா’ என்று சொல்லுங்கள்; எத்தனை பேர் கூடத் தள்ளினார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிறகு காப்பிக்கு அவரையே காசு கொடுக்கச் சொல்லுங்கள். இலவச ஆட்டத்தில் அவர் இழந்தது ஒரு சல்லிகூட இல்லை.