வெள்ளவத்தைக்குப் புறவழி உண்டா?

கேள்வி: கொழும்பைச் சுற்றி அதிவேகப் பாதை போட்டும் காலி வீதி நெரிசல் குறையவில்லையே, ஏன்?

பதில்: அந்தப் பாதை கொழும்புக்கு வராதவர்களுக்கு! மாத்தறையிலிருந்து கட்டுநாயக்கவில் விமானம் பிடிக்கப் போகிறவர் கொட்டாவையில் திரும்பி, கடுவெல, கடவத்தை தாண்டி, கெரவலப்பிட்டியில் விமான நிலையப் பாதையைப் பிடித்துவிடுவார். கொழும்புப் புகை அவர் மூக்கில் படாது. மொத்தம் 29 கிலோமீட்டர்தான். அதையும் 2014, 2015, 2019 என மூன்று தவணையில் திறந்தார்கள், சீட்டுக்காசு கட்டுவதுபோல.

வெள்ளவத்தையில் சேலை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக் கலியாணத்துக்கு ஓடுகிறவருக்கு அதனால் என்ன லாபம்?

அவருக்கு வாய்த்த புறவழி மரைன் டிரைவ். ஒரு பக்கம் தண்டவாளமும் கடலும். மறுபக்கம் மாடிக் குடியிருப்புகள், கடை வாசலில் ‘ரெண்டு நிமிசம்’ என்று அரை மணி நிற்கும் ஓட்டோ. புறவழிக்கே புறவழி தேடினால், அடுத்தது மீன்களிடம்தான் காணி கேட்க வேண்டும்.