சாப்பா வீசியவனுக்கு மனசே இல்லையா?

கொச்சியின் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் சுக்கு, மிளகு வாசனையை மோந்தபடி படம் எடுக்கிறவர்கள், அங்கே நடந்த பழைய விளையாட்டு ஒன்றையும் தெரிந்துகொள்ளலாம். துறைமுகக் கூலிகள் முண்டியடித்து நிற்பார்கள். மூப்பன் வருவான், நம்மூர்க் கங்காணி மாதிரி. கையில் உலோக வில்லைகள். பெயர் சாப்பா. தலைகள் நிறைய, வில்லைகள் கொஞ்சம். கூட்டத்துக்குள் வீசி எறிவான். பொறுக்கியவனுக்கு அன்று மூட்டை, வீட்டில் உலை. மற்றவனுக்கு மிதிபட்ட விரல்.

நல்லவேளை, நடத்தைப் பொருளாதாரம் அப்போது பிறக்கவில்லை. பிறந்திருந்தால் ஓர் ஆலோசகர் வந்து இறங்கியிருப்பார். அவர் அறிக்கை எனக்கு மனப்பாடம்: 'கூலிகளுக்கு நிகழ்காலச் சாய்வு, இன்றைய கூலிக்காக நாளைய முதுகெலும்பைப் பணயம் வைக்கிறார்கள். மந்தைப் புத்தியும் உண்டு. தரையில் பாதச் சுவடு வரைந்தால் வரிசையில் நிற்பார்கள். வாரம் ஒரு சேமிப்பு வகுப்பு நடத்தலாம்.' வீசுகிறவன் ஏன் வீசுகிறான், கையில் கொடுத்தால் கை தேய்ந்துவிடுமா என்று ஒரு வரி இருக்காது. அறிக்கைக்குக் காசு கொடுத்தவனே அவன்தானே!

பழைய பொருளாதாரம் இன்னும் சோம்பேறி. 1938-இல் பால் சாமுவேல்சன் தந்த வரம் இருக்கிறது: மனிதனின் விருப்பம் அவன் எடுப்பதில் தெரிந்துவிடும். ஆக, மூக்குடைந்து பொறுக்கியவன் மூக்குடைவதை விரும்பினான். கணக்கு முடிந்தது, காப்பி சாப்பிடப் போகலாம்.

மட்டாஞ்சேரிக்காரர்களின் புத்தியில் கோளாறு ஏதுமில்லை. சாப்பாவே வேண்டாம் என்று தெருவில் இறங்கினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று திருவிதாங்கூர்-கொச்சிப் போலீஸ் சுட்டது. சைதும் சைதலவியும் குண்டுக்குச் செத்தார்கள். அந்தோணி போலீஸ் அடிக்கு. ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆளை முழங்கையால் லேசாக இடித்து நல்வழிக்குத் தள்ளுவதை 'நட்ஜ்' என்று சொன்ன ரிச்சர்ட் தாலருக்கு 2017-இல் நோபல் கொடுத்தார்கள். இங்கே துப்பாக்கியால் இடித்தவர்களுக்கு என்ன கொடுத்தார்களோ.

நம் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களின் 464 கரும்பு விவசாயிகளுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். வெட்டுக்கு முன், கை காய்ந்த நாளில், மதிப்பெண் குறைந்தது. வெட்டு முடிந்து காசு வந்ததும் அதே ஆட்களுக்கு ஏறியது. செந்தில் முல்லைநாதனும் கூட்டாளிகளும் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். தலை அதேதான், மடியில்தான் வித்தியாசம். நேர்மையான ஆய்வு.

அதைப் படித்த அதிகாரிக்கு என்ன உறைக்க வேண்டும்? ஆலைக்குக் கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தரச் சொல்லி 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறதே என்று. உறைப்பது வேறு. பாக்கி கேட்டு ஆலை வாசலில் காயும் விவசாயியைப் பந்தலுக்குள் அழைத்து, ஒரு டீ, இரண்டு பிஸ்கட் கொடுத்து, 'நிதி எழுத்தறிவு' முகாம் நடத்துகிறார்கள். முதல் பாடம், வரவறிந்து செலவு செய்வது. ஆலை முதலாளிக்கு மட்டும் அந்த வகுப்பில் விலக்கு.